சுற்றி வந்த நாணயம் எத்தனை முறை சுழன்றது?

ஒரே அளவுள்ள இரண்டு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரு ரூபாய் நாணயங்களாக இருக்கலாம். ஆனால் இரண்டின் அளவும் ஒன்றுதானா என்று முதலில் ஒட்டிவைத்துப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு பல முறை மாறியிருக்கிறது. நாணயம் வழுக்கினால் சோடாப் புட்டி மூடிகள் இரண்டை வைத்துக்கொள்ளலாம். அவற்றின் விளிம்பிலுள்ள பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்வதால் வழுக்காது. மூடியின் மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி வரைந்துகொண்டால் போதும்.

ஒரு நாணயத்தை மேசைமீது வைத்து இடக்கை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்றை அதற்கு மேல்பக்கத்தில், விளிம்போடு விளிம்பு தொடும்படி வையுங்கள். இரண்டிலும் சிங்கச் சின்னம் நேராக நிமிர்ந்து இருக்கட்டும். இப்போது மேலே உள்ள நாணயத்தை, வழுக்காமல், கீழ் நாணயத்தின் விளிம்பை ஒட்டி உருட்டி, வலப்பக்கமாக இறக்கி அதன் அடிப்பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது, பாதி வழி.

உருட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள்: அடிப்பக்கத்துக்கு வந்து சேரும்போது சிங்கங்கள் எப்படி இருக்கும்?

'பாதி விளிம்புதான் உருண்டிருக்கிறது. ஆகவே நாணயம் பாதிச் சுழற்சிதான் செய்திருக்கும். சிங்கங்கள் தலைகீழாக இருக்கும்.' இப்படித்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். முதல் தடவை நானும் இப்படித்தான் சொன்னேன். உருட்டிப் பாருங்கள். சிங்கங்கள் நேராக நிமிர்ந்து நிற்கும்! பாதி வழியிலேயே நாணயம் ஒரு முழுச் சுழற்சியை முடித்துவிட்டது. மீதிப் பாதியையும் உருட்டிப் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 2 சுழற்சிகள். இரண்டு நாணயங்களின் சுற்றளவும் ஒன்றுதான். பிறகு எங்கிருந்து வந்தது அந்த இரண்டாவது சுழற்சி?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் போனதால் ஒரு பெரிய தேர்வையே திருத்த வேண்டி வந்தது.

தேர்வில் இல்லாத விடை

அமெரிக்காவில் கல்லூரியில் சேர விரும்பும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஒரு தேர்வு உண்டு. எஸ்.ஏ.டி. என்று அதைச் சொல்வார்கள். 1982-ஆம் ஆண்டு மே மாதம் நடந்த அந்தத் தேர்வின் கணக்குப் பகுதியில் ஒரு படம் கொடுத்திருந்தார்கள். பெரிய வட்டம் ஒன்று. அதைத் தொட்டுக்கொண்டு சிறிய வட்டம் ஒன்று. சிறிய வட்டத்தின் ஆரம் பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறிய வட்டம் பெரிய வட்டத்தைச் சுற்றி உருண்டு செல்கிறது. அதன் மையம் புறப்பட்ட இடத்துக்கு முதன்முதலாகத் திரும்பி வருவதற்குள் சிறிய வட்டம் எத்தனை சுழற்சிகள் செய்திருக்கும்? இதுதான் கேள்வி. விடைகள் ஐந்து கொடுக்கப்பட்டிருந்தன: 3/2, 3, 6, 9/2, 9. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உங்கள் விடை என்ன? ஆரம் மூன்று மடங்கு என்றால் சுற்றளவும் மூன்று மடங்கு. ஆகவே 3 சுழற்சிகள். கேள்வியைத் தயாரித்தவர்களும் 3 என்பதைத்தான் சரியான விடையாக வைத்திருந்தார்கள்.

சரியான விடை 4. அது அந்த ஐந்தில் இல்லவே இல்லை.

அந்தத் தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவனின் நிலையை நினைத்துப் பாருங்கள். கவனமாகப் போட்டுப் பார்க்கிறான், 4 வருகிறது. விடைப் பட்டியலில் 4 இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அச்சிட்ட தாளை நம்புவதா, தான் போட்ட கணக்கை நம்புவதா? சுமார் 3 லட்சம் பேர் எழுதிய அந்தத் தேர்வில், கேள்வி தவறு என்று தேர்வை நடத்திய எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்ற அமைப்புக்கு மூன்று மாணவர்கள் கடிதம் எழுதினார்கள். அமைப்பு பிழையை ஒப்புக்கொண்டது. அந்தக் கேள்வியையே விலக்கிவிட்டு, எழுதிய அனைவருக்கும் மதிப்பெண்களை மறுபடி கணக்கிட்டார்கள்.

அந்த மாணவர்கள் பக்கம் நின்று இந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்போம். அதற்குப் பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தால் போதும். தொலைவு, தொலைவு என்கிறோமே, அது எந்தப் புள்ளி சென்ற தொலைவு?

யார் சென்ற தொலைவு?

தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியைப் பாருங்கள். 48 அங்குல விசிறி என்றால் இறக்கையின் நுனி மையத்திலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி இருக்கும். நிமிடத்துக்கு 300 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 5 முறை. நுனி ஒரு முறை சுற்றி வந்தால் செல்லும் தொலைவு 2 × 3.14 × 0.6, அதாவது சுமார் 3.77 மீட்டர். விநாடிக்கு 5 முறை என்றால் 18.8 மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 68 கிலோமீட்டர்! இறக்கையின் நடுவில், மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி ஒட்டியிருக்கும் தூசியோ அதே ஒரு மணி நேரத்தில் 34 கிலோமீட்டர்தான் செல்கிறது. மையத்திலுள்ள புள்ளி எங்கும் செல்லவில்லை. சுழற்சிகளின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் ஒன்றே. தொலைவு மட்டும் புள்ளிக்குப் புள்ளி வேறு. ஆகவே 'விசிறி எவ்வளவு தொலைவு சென்றது?' என்ற கேள்விக்கு விடையே கிடையாது. விசிறியின் எந்த இடம் என்று சொன்னால்தான் கணக்குப் போட முடியும்.

அடுத்து சைக்கிள். சக்கரத்தின் விட்டம் சுமார் 70 செ.மீ. 22/7-ஐ அதனால் பெருக்கினால் சுற்றளவு 2.2 மீட்டர். உங்கள் வீட்டிலிருந்து பள்ளி 3.3 கிலோமீட்டர் என்றால் சக்கரம் 1500 முறை சுழல வேண்டும். இந்த 3.3 கிலோமீட்டர் யார் சென்ற தொலைவு? சக்கரத்தின் அச்சு சென்ற தொலைவு. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் நீங்கள் சென்ற தொலைவு. டயரின்மேல் ஓர் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்திருந்தால், அந்தப் புள்ளி 3.3 கிலோமீட்டர் சென்றிருக்காது. அது கீழிருந்து மேலே ஏறி, முன்னால் பாய்ந்து, மறுபடி தரைக்கு இறங்குகிறது. இப்படி வரிசையாக வளைவு வளைவாகச் செல்லும் அந்தக் கோட்டுக்குச் சைக்ளாயிடு என்று பெயர். ஒரு வளைவின் நீளம் சக்கர விட்டத்தைப்போல் சரியாக நான்கு மடங்கு. லண்டன் புனித பால் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டஃபர் ரென் 1658-இல் இதைக் கண்டுபிடித்தார். கட்டடக் கலைஞராகப் பெயர் பெறுவதற்கு முன்பே அவர் கணித அறிஞர். நான்கு மடங்கு என்றால் 2.8 மீட்டர். 1500 சுழற்சிகளுக்கு 4.2 கிலோமீட்டர். நீங்கள் 3.3 கிலோமீட்டர் சென்று பள்ளி வாசலில் இறங்கும்போது, உங்கள் டயரின் சுண்ணக்கட்டிப் புள்ளி 4.2 கிலோமீட்டர் பயணம் செய்திருக்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஈர மண்ணில் சைக்கிள் போன தடத்தைப் பார்த்திருப்பீர்கள். டயரிலுள்ள கோடுகள் அச்சு வார்த்ததுபோல் மண்ணில் தெளிவாகப் பதிந்திருக்கும். டயரின் தொட்ட இடம் மண்ணின்மேல் கொஞ்சமாவது வழுக்கியிருந்தால் தடம் கலைந்து போயிருக்கும். (பிரேக்கை அழுத்தி இழுத்துக்கொண்டுபோன இடத்தில் அப்படித்தான் கலைந்திருக்கும்.) ஆகவே, உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி, தொடும் அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. கீலை மையமாக வைத்துக் கதவு திரும்புவதுபோல், அந்தக் கணத்தில் சக்கரம் முழுவதும் அந்தத் தொடுபுள்ளியை மையமாக வைத்துத் திரும்புகிறது. சக்கரத்தின் மையம் அந்தப் புள்ளியிலிருந்து ஓர் ஆரத் தொலைவில் இருக்கிறது. ஆகவே சக்கரம் ஒரு பாகை திரும்பினால், மையம் நகரும் தொலைவு சக்கரத்தின் சுற்றளவில் 360-இல் ஒரு பங்கு. 360 பாகை திரும்பினால் ஒரு முழுச் சுற்றளவு.

இதில் சாலை நேராக இருக்க வேண்டும் என்று நாம் எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சாலை மேடாக இருக்கலாம், பள்ளமாக இருக்கலாம், வட்டமாகவே இருக்கலாம். வழுக்காமல் உருளும் வரை, மையம் சென்ற தொலைவைச் சக்கரத்தின் சுற்றளவால் வகுத்தால் சுழற்சிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். சாலையின் நீளத்தை அல்ல, மையம் சென்ற தொலைவை வகுக்க வேண்டும். நேரான சாலையில் இரண்டும் சமம். அதனால்தான் நமக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடுகிறது.

நான்கு வந்த வழி

அமெரிக்கத் தேர்வுக் கணக்கு இப்போது ஒரு வரியில் முடிந்துவிடும். சிறிய வட்டத்தின் ஆரம் 1 செ.மீ., பெரியதன் ஆரம் 3 செ.மீ. என்று கொள்வோம். சிறிய வட்டத்தின் மையம் பெரிய வட்டத்தின் விளிம்பில் செல்லவில்லை. அதற்கு 1 செ.மீ. வெளியே செல்கிறது. அது வரையும் வட்டத்தின் ஆரம் 3 + 1 = 4 செ.மீ. மையம் சென்ற தொலைவு 8 பை. சிறிய வட்டத்தின் சுற்றளவு 2 பை. வகுத்தால் 4.

சம நாணயங்களுக்கு? மையம் செல்லும் வட்டத்தின் ஆரம், நாணய ஆரத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே 2 சுழற்சிகள். சிங்கங்கள் பாதி வழியில் நிமிர்ந்துவிட்டதன் காரணம் இதுதான்.

சிலருக்கு இந்த விடை கிடைத்தும் மனம் ஆறாது. 'சிறிய வட்டத்தின் விளிம்பு பெரிய வட்டத்தின் விளிம்பை ஒட்டித்தானே உருண்டது? 3 மடங்கு நீளம்தானே உருண்டது?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிறிய வட்டம் பெரியதைத் தொடும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். உருளத் தொடங்குகிறது. சிவப்புப் புள்ளி மறுபடி பெரிய வட்டத்தைத் தொடும்போது மூன்றில் ஒரு பங்கு வழி கடந்திருக்கிறது. அதாவது பெரிய வட்டத்தில் 120 பாகை. சிவப்புப் புள்ளி இப்போதும் பெரிய வட்டத்தின் மையத்தை நோக்கியே இருக்கிறது. ஆனால் 'மையத்தை நோக்கும் திசை'யே இதற்குள் 120 பாகை திரும்பிவிட்டதே! ஆகவே சிறிய வட்டம் திரும்பியது 360 பாகை அல்ல; 360 + 120 = 480 பாகை. இப்படி மூன்று முறை. மொத்தம் 1440 பாகை. அதை 360-ஆல் வகுத்துப் பாருங்கள்.

இந்த உபரிச் சுழற்சியை நீங்கள் உங்கள் உடம்பிலேயே உணரலாம். கோயிலில் பிரகாரம் சுற்றும்போது சந்நிதியை எப்போதும் வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்கிறோம். கிழக்குப் பிரகாரத்தில் நடக்கும்போது உங்கள் முகம் தெற்கு நோக்கி இருக்கும். தெற்குப் பிரகாரத்தில் மேற்கு நோக்கி. மேற்கில் வடக்கு நோக்கி. வடக்கில் கிழக்கு நோக்கி. மறுபடி கிழக்குப் பிரகாரத்துக்கு வந்து திரும்பினால் முகம் தெற்கே. நீங்கள் எங்கேயும் தட்டாமாலை சுற்றவில்லை. ஆனாலும் எல்லாத் திசைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டீர்கள். ஒரு வலம் வந்ததற்கு ஒரு சுழற்சி தானாகவே சேர்ந்துவிட்டது. வட்டத்தைச் சுற்றி வரும் நாணயத்துக்கும் அப்படித்தான். உருண்டதால் 3, வலம் வந்ததால் 1.

உள்பக்கமாக உருட்டினால் என்ன ஆகும்? அம்மாவின் வளையல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள்ளே ஒரு நாணயத்தை உருட்டிப் பாருங்கள். இப்போது மையம் விளிம்புக்கு உள்ளே செல்கிறது. ஆரம் 3-ம் 1-ம் என்றால் மையம் வரையும் வட்டத்தின் ஆரம் 3 – 1 = 2. ஆகவே 2 சுழற்சிகள்தான். உள்ளே உருளும்போது நாணயம் சுழலும் திசையும் அது வலம் வரும் திசையும் எதிரெதிர். அதனால் ஒன்று கழிந்துவிடுகிறது.

உள் வட்டத்தின் ஆரம் வெளி வட்டத்தின் ஆரத்தில் சரியாகப் பாதி என்றால் இன்னும் ஒரு வேடிக்கை நடக்கும். சுழற்சி ஒன்றே ஒன்று; அதன் விளிம்பிலுள்ள எந்தப் புள்ளியும் வளைந்து செல்லாமல், பெரிய வட்டத்தின் விட்டத்தின்மேல் நேர்கோட்டில் போய்த் திரும்பி வரும். 13-ஆம் நூற்றாண்டில் பாரசீக வானியல் அறிஞர் நசீருத்தீன் அத்-தூசி கோள்களின் இயக்கத்தை விளக்க இந்த அமைப்பைப் பயன்படுத்தினார். அட்டையில் வட்டங்கள் வெட்டிச் செய்து பார்க்கத் தக்கது.

அமெரிக்கத் தேர்வுக் கேள்வியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 3 என்பது முற்றிலும் அர்த்தமில்லாத விடை அல்ல. 'சிவப்புப் புள்ளி புறப்பட்ட பின் எத்தனை முறை பெரிய வட்டத்தைத் தொடுகிறது?' என்று கேட்டிருந்தால் 3 சரி. பெரிய வட்டத்தின் மையத்தில் நின்றுகொண்டு, சிறிய வட்டத்தோடு தானும் திரும்பிக்கொண்டே பார்க்கும் ஓர் எறும்புக்கும் 3 என்றுதான் தோன்றும். அந்தக் கேள்வியில் இருந்த ஆங்கிலச் சொல் 'ரெவல்யூஷன்'. வானியலில் அந்தச் சொல் ஒரு பொருளைச் சுற்றி வருவதைக் குறிக்கும். அப்படி எடுத்துக்கொண்டால் விடை 1! நம் மொழியில் இந்தக் குழப்பம் குறைவு. பூமி தன்னைத்தானே சுழல்கிறது, சூரியனைச் சுற்றுகிறது என்று இரண்டு சொற்களைப் பள்ளியிலேயே பிரித்துப் படித்திருக்கிறோம். எப்படிப் படித்தாலும், வெறும் தாளில் உருளும் வட்டத்தைப் பார்ப்பவருக்குத் தெரிவது 4 சுழற்சிகள்தான். கடிதம் எழுதியவர்கள் சொன்னது சரி என்பதே என் கருத்து.

ஓடுபாதையில் 7 மீட்டர்

எந்தக் கோட்டில் அளப்பது என்பது தாளில் மட்டும் வரும் பிரச்சினை அல்ல. 400 மீட்டர் ஓட்டப் பந்தயத்தில் ஓட்டக்காரர்கள் ஒரே வரிசையில் நிற்பதில்லை. படிப்படியாக முன்னால் தள்ளி நிற்பார்கள். ஏன் என்று கேட்டால் 'வெளிப்பாதை நீளம் அதிகம்' என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு அதிகம்?

தரமான ஓடுபாதையின் அளவுகள் இவை: நேர்ப்பகுதிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். இரு முனைகளிலும் அரைவட்டங்கள். உள்விளிம்பின் ஆரம் 36.50 மீட்டர். விளிம்பிலேயே அளந்தால் மொத்தம் 398.12 மீட்டர்தான் வருகிறது. 400 எங்கே? யாரும் விளிம்புக் கட்டையின்மேல் ஓட முடியாது அல்லவா? அதனால் முதல் பாதையை விளிம்பிலிருந்து 30 செ.மீ. வெளியே தள்ளி அளக்க வேண்டும் என்பது விதி. ஆரம் 36.80 மீட்டர் ஆகிறது. இரண்டு அரைவட்டங்கள் சேர்ந்தால் ஒரு வட்டம்: 2 × 3.1416 × 36.80 = 231.22. நேர்ப்பகுதிகள் 168.78. கூட்டினால் சரியாக 400.

இங்கே 22/7 உதவாது. அதை வைத்துப் போட்டால் வளைவு 9 செ.மீ. கூடுதலாக வரும். 9 செ.மீ. பெரிதா என்று கேட்கலாம். 400 மீட்டரை 45 விநாடியில் ஓடும் வீரர் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் கடப்பது ஏறக்குறைய 9 செ.மீ.! பந்தயங்களில் நேரம் அந்த நூறில் ஒரு பங்கு வரை குறிக்கப்படுகிறது.

ஒவ்வொரு பாதையின் அகலமும் 1.22 மீட்டர். இரண்டாம் பாதை முதல் கட்டை கிடையாது, கோடுதான். அதனால் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளந்தால் போதும். இரண்டாம் பாதையின் ஆரம் 36.50 + 1.22 + 0.20 = 37.92. முதல் பாதையைவிட 1.12 மீட்டர் அதிகம். ஆகவே ஒரு சுற்றில் கூடும் தொலைவு 2 × பை × 1.12 = 7.04 மீட்டர். அவ்வளவு தூரம் முன்னால் அவர் நிற்க வேண்டும். அதற்கு அடுத்த ஒவ்வொரு பாதைக்கும் 2 × பை × 1.22, அதாவது 7.67 மீட்டர் கூடிக்கொண்டே போகும். எட்டாம் பாதைக்காரர் முதல் பாதைக்காரரைவிட 53.03 மீட்டர் முன்னால் நிற்பார்.

இந்தக் கணக்கில் 36.50 என்ற ஆரம் கடைசியில் மறைந்துபோனதைக் கவனித்தீர்களா? கூடும் தொலைவு, பாதைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை மட்டுமே பொறுத்தது. ஒரு காரின் இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடைவெளி 1.4 மீட்டர் என்றால், கார் ஒரு முழு வட்டம் அடிக்கும்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட 8.8 மீட்டர் அதிகம் செல்லும். சிறிய மைதானத்தில் வட்டமடித்தாலும் அதே 8.8, ஊரையே சுற்றி வந்தாலும் அதே 8.8. இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கிப் பிணைத்துவிட்டால் ஏதாவது ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். மாட்டு வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன. எஞ்சின் தள்ளும் காரில்தான் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி தேவைப்படுகிறது.

வானத்தில் ஒரு நாணயம்

ஓர் ஆண்டில் பூமி எத்தனை முறை தன்னைத்தானே சுழல்கிறது? 365¼ என்று கைதூக்குவீர்கள். சற்றுப் பொறுங்கள். பூமி சூரியனின்மேல் உருளவில்லைதான். ஆனாலும் அது சுழலும் திசையும் சூரியனைச் சுற்றும் திசையும் ஒன்றே, வெளியே உருளும் நாணயத்தைப்போல. நண்பகல் என்பது என்ன? நம் ஊர் சூரியனுக்கு நேராக வருவது. சிவப்புப் புள்ளி பெரிய வட்டத்தைத் தொடுவதுபோல. ஓர் ஆண்டில் அப்படி 365¼ முறை நடக்கிறது. அதோடு சூரியனை வலம் வந்த ஒன்றையும் கூட்ட வேண்டும். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி சுழன்றது 366¼ முறை.

ஆகவே பூமியின் ஒரு முழுச் சுழற்சிக்கு 24 மணி நேரம் ஆவதில்லை. 365¼ நாளை 366¼-ஆல் வகுத்தால் கிடைப்பது 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. இதை நீங்களே சோதிக்கலாம். இன்றிரவு ஏதாவது ஒரு நட்சத்திரம் எதிர் வீட்டுக் கூரை விளிம்பில் எட்டு மணிக்குத் தலைகாட்டினால், நாளை அது 4 நிமிடம் முன்னதாகவே அங்கே வந்துவிடும். ஒரு மாதம் கழித்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாக வரும்.

நிலவோ பிரகாரம் சுற்றுபவரைப் போன்றது. சந்நிதிக்கு எப்போதும் நம் வலத்தோள் மட்டுமே தெரிவதுபோல், பூமிக்கு நிலவின் ஒரே முகம்தான் எப்போதும் தெரிகிறது. அதனால் நிலவு சுழலவே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு முறை பூமியைச் சுற்றுவதற்குள் அது சரியாக ஒரு முறை தன்னைத்தானே சுழல்கிறது. சுழலாமல் இருந்திருந்தால் அதன் மறுபக்கத்தையும் நாம் பார்த்திருப்போம்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. சம அளவுள்ள இரண்டு நாணயங்களை ஒன்றையொன்று தொடும்படி அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். அதே அளவுள்ள மூன்றாவது நாணயம் அந்த இரண்டையும் சேர்த்துச் சுற்றி, வழுக்காமல் உருண்டு, புறப்பட்ட இடத்துக்கு வர வேண்டும். இரண்டுக்கும் நடுவேயுள்ள இடுக்கில் அது இரு நாணயங்களையும் ஒருசேரத் தொடும். அப்போது மூன்று மையங்களும் ஒரு சமபக்க முக்கோணம் ஆகும் என்பது உங்களுக்கு ஒரு குறிப்பு. மூன்றாவது நாணயத்தின் மையம் எந்தக் கோட்டில் செல்கிறது என்று முதலில் வரைந்து பாருங்கள். இரண்டு வில்கள் வரும். ஒவ்வொன்றும் எத்தனை பாகை என்று கண்டுபிடியுங்கள். விடை 2⅔ சுழற்சிகள் என்று வந்தால், நாணயத்தை எடுத்து உருட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.